மூக்கு வகுத்த வழி

நாய் என்னும் சொல்லைத் தமிழர் இரு வேறு நோக்கில் வழங்கி வந்துள்ளனர். பிறரை இகழ நினைப்பவர் அச்சொல்லையே முதலில் எடுப்பர்; நன்றிக்கு எடுத்துக்காட்டுத் தேடுபவரும் அச்சொல்லையே நாடுவர். நாலடியார் யானையின் நட்பையும் நாயின் நட்பையும் அருகருகே நிறுத்தி, நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று தீர்ப்புக் கூறுகின்றது. மகாபாரதத்தின் முடிவிலே தருமபுத்திரன், தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று நின்றான். வைரவப் பெருமானுக்கு நாயே ஊர்தி. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வைரவர் கோயில் இல்லாத ஊர் அரிது; அக்கோயில் வாயிலிற் படுத்திருக்கும் நாயின்மேற் கல்லெறியாத ஊரும் அரிது. இவ்வாறு போற்றுதலுக்கும் தூற்றுதலுக்கும் நடுவே விடுபட்டுப் போவது ஒன்றுண்டு. நாயை உள்ளவாறு அறிதலே அது.

அவ்வறிவுக்குத் துணையாக ஒரு சிறிய பிரெஞ்சு நாயினத்தின் கதையை இன்று பார்க்கலாம். திருகோணமலையிலிருந்து பேசும்போது பிரான்சு தேசத்து நாயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். திருகோணமலை ஒரு துறைமுகம். துறைமுகத்துக்கு அயல்நாடு என்பது எப்போதும் அடுத்த வீடு. 1672ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நங்கூரமிட்டது. 1782ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியிலே கடற்படைத் தலைவர் சுவ்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து இந்நகரின் கோட்டைகளைக் கைப்பற்றினார். சில நாட்களின் பின், செப்டெம்பர் 3ஆந் திகதி, இக்கடலிலேயே இரு படைகளும் பொருதின. பிரெஞ்சுக் கொடி இங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. கொடிகள் மாறினாலும் கடல்வழி வரும் புதுமைகளை வியந்து நோக்கும் வழக்கம் துறைமுக மக்களிடம் மாறவில்லை. இன்று அப்புதுமைகள் கப்பலில் வருவதற்கு முன்பே கைத்தொலைபேசியின் திரையில் வந்துவிடுகின்றன.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் நடைபெற்ற புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில், உயர்ந்த பரிசை ஒரு சிறிய நாய் தட்டிச் சென்றது. அதன் பெயர் படி ஹொலி. தலை கலைந்த சிறுவனைப் போல முகமெங்கும் உரோமம், குட்டைக் கால்கள், ஓயாது ஆடும் வால். அதன் இனத்தின் பெயர் பெத்தி பாசே கிரிபோன் வான்டேயன் என்பது. அவ்வினத்து நாயொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அதன் படத்தை உலகெங்கும் பிள்ளைகள் கண்டார்கள். படத்தைக் கண்ட பிள்ளை அப்படி ஒரு நாய் வேண்டுமென்று கேட்பது இயல்பு. அக்கேள்விக்குப் பெரியவர்கள் என்ன விடை கூறவேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் அந்த நீண்ட பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். பெத்தி என்றால் சிறியது. பாசே என்பது தாழ்ந்த உருவுடையது என்று பொருள்படும். கிரிபோன் என்பது சொரசொரத்த உரோமமுடைய வேட்டைநாயைக் குறிக்கும். வான்டேயன் என்பது வான்டே என்னும் மாநிலத்துக்குரியது. ஆகவே பெயரே ஓர் இலக்கணம் போல அமைந்துள்ளது: வான்டே நாட்டைச் சேர்ந்த, முரட்டு உரோமம் உடைய, தாழ்ந்த, சிறிய வேட்டைநாய். தோள்வரை அதன் உயரம் ஏறக்குறைய 34 முதல் 38 சென்ரிமீற்றர். அதாவது, ஒரு பாடசாலை மாணவன் வைத்திருக்கும் அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்தால் அதனினும் சற்றே உயர்ந்தது. நீளமான காதுகள், வாளைப் போல் உயர்த்திப் பிடித்த வால், வெண்மையோடு எலுமிச்சை நிறமோ செம்மஞ்சளோ கருமையோ கலந்த உடல். இதே வான்டே நாட்டில் இவ்வினத்தோடு உறவுடைய நாயினங்கள் நான்கு உண்டு. அவற்றுள் மிகச் சிறியது இதுவே.

வான்டே என்பது பிரான்சின் மேற்கே அத்திலாந்திக் கடலோரத்தில் உள்ளது. வயலுக்கு வயல் உயர்ந்த உயிர்வேலி. வேலிக்கு வேலி முட்செடி. அவற்றிடையே ஆழ்ந்த ஒற்றையடிப் பாதை. 1793ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் புரட்சி அரசுக்கு எதிராக அந்நாட்டுக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவ்வேலிகளே அவர்களுக்கு அரணாயின. மனிதன் மறைந்து கொள்ளக்கூடிய வேலிக்குள் முயல் மறைவது எளிது. அம்முயலை வெளியே கொண்டுவர வேண்டுமானால், முள்ளுக்குள் நுழையக்கூடிய உருவமும், முள் கிழிக்க முடியாத உரோமமும், இருட்டிலும் வழி காட்டும் மூக்கும் வேண்டும். அம்மூன்றையும் ஓருடலிற் சேர்த்துப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியதே இந்த நாய்.

குட்டைக் கால்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1561ஆம் ஆண்டில் ஷாக் து பூயு என்பவர் எழுதிய வேட்டை நூலிலேயே குட்டைக்கால் நாய்களைப் பற்றிய செய்தி காணப்படுகின்றது. வளைக்குள் பதுங்கும் விலங்குகளைப் பிடிக்க அவை பயன்பட்டன. பழைய பிரான்சில் பெருவேட்டை பிரபுக்களின் தனியுரிமை. அவர்கள் குதிரைமேல் ஏறிச் சென்றனர். ஆதலால் அவர்களுடைய நாய்கள் நெடுங்கால் உடையனவாய், குதிரைக்கு ஈடாக ஓடவல்லனவாய் இருந்தன. 1789இல் புரட்சி வந்தது. வேட்டையிலே பிரபுக்களுக்கிருந்த தனியுரிமை நீங்கியது. துப்பாக்கி ஒன்றைத் தோளிற் சுமந்து கால்நடையாகச் சென்ற எளிய குடியானவனுக்குக் குதிரை இல்லை. அவனுக்கு வேண்டியது அவனுடைய நடைக்கு இசைந்து முன்னே செல்லும் நாய். குட்டைக் கால் அவனுக்குக் குறையாகத் தோன்றவில்லை. குதிரை இல்லாத குறையை அதுவே நீக்கியது.

இக்குட்டைக் கால்கள் எவ்வாறு தோன்றின என்பதை இக்கால விஞ்ஞானம் விளக்கியுள்ளது. அமெரிக்காவில் எலேன் ஒஸ்ட்ராண்டர் என்னும் அறிஞரின் ஆய்வுக்குழு 2009ஆம் ஆண்டிலே ஓர் உண்மையை வெளியிட்டது. எலும்பின் வளர்ச்சியில் பங்குகொள்ளும் ஒரு மரபணுவின் மேலதிகப் பிரதி ஒன்று இந்நாய்களின் உடலில் உள்ளது; அதுவே கால் எலும்புகளின் வளர்ச்சியை முன்னதாக நிறுத்திவிடுகின்றது. டாக்ஸ்ஹண்ட், கோர்கி, பாசே என்று வெவ்வேறு தேசங்களில் தோன்றிய குட்டைக்கால் இனங்களிலெல்லாம் அதே பிரதி காணப்படுகின்றது. ஆகவே பன்னெடுங்காலத்துக்கு முன் ஏதோ ஒரு நாயில் ஒருமுறை நேர்ந்த மாற்றத்தை, மனிதன் தன் தேவை கருதிப் பேணிப் பரப்பியுள்ளான் என்பது தெளிவாகின்றது.

இனி அதன் குணத்துக்கு வரலாம். வேட்டைநாய்களை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். கண்ணால் வேட்டையாடுபவை ஒரு வகை. மூக்கால் வேட்டையாடுபவை மற்றொரு வகை. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் முதலாம் வகையைச் சேர்ந்தவை. ஒடுங்கிய வயிறு, நெடிய கால், கூரிய முகம். திறந்த கரிசல் வெளியில் முயலைக் கண்டவுடன் அம்பெனப் பாயும். முயல் கண்ணுக்கு மறைந்தால் நின்றுவிடும். இராசபாளையம் நாயின் பெருமையைத் தமிழர் நன்கறிவர். இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நாய் முத்திரைகளில் அதுவும் இடம்பெற்றது. திறந்த வெளி கண்ணை வளர்த்தது. முட்பற்றை மூக்கை வளர்த்தது. நிலத்துக்கேற்ற மக்கள் என்று தமிழர் திணை வகுத்ததைப் போல, நிலத்துக்கேற்ற நாய் என்றும் கூறலாம்.

மூக்கால் வாழும் நாயின் உலகம் மனிதனுடைய உலகத்தைப் போன்றதன்று. மனிதனுடைய மூக்கில் மணத்தை உணரும் நுண்கலங்கள் ஏறக்குறைய 50 இலட்சம் என்பர். மோப்பநாயின் மூக்கிலோ அவை 20 கோடிக்கும் மேற்பட்டவை. மனிதன் ஒரு தெருவைப் பார்க்கும்போது, இப்போது அங்கே நிற்பவற்றை மட்டும் காண்கின்றான். நாய் அதே தெருவை மோந்து, விடியற்காலையில் யார் போனார், இரவிலே எந்த விலங்கு கடந்தது, அது எத்திசையிற் சென்றது என்று சென்றுபோன நேரத்தையும் சேர்த்துப் படிக்கின்றது. படிப்பில் ஆழ்ந்த மாணவனைப் பெயர் சொல்லி அழைத்தால் அவன் காதில் விழாது. மோப்பத்தில் ஆழ்ந்த நாயும் அத்தகையதே.

இவ்வினத்தைப் பற்றி எழுதிய பலரும் கூறும் குணங்கள் ஐந்து. முதலாவது, மகிழ்ச்சி. வீட்டுக்கு வரும் எவரையும் வாலாட்டி வரவேற்கும். மனிதரை எளிதில் நம்பும். இதற்குக் காரணம் அதன் தொழில். வேட்டைக்காரர் பலர் கூடிச் செல்வர். நாய்களும் பல சேர்ந்து ஓடும். கூட்டத்தோடு சண்டையிடும் நாய் வேட்டைக்கு உதவாது. அதனைக் கழித்து, இணக்கமுள்ளதையே வளர்த்தனர். ஆகையால் இதனை வீட்டுக்குக் காவல் வைக்க நினைப்பவர் ஏமாறுவர். திருடன் வந்தாலும் அவனுக்கும் ஒரு வரவேற்பு உண்டு.

இரண்டாவது, தனிமை பொறாமை. கூட்டத்தோடு பிறந்து, கூட்டத்தோடு உண்டு, கூட்டத்தோடு ஓடிய இனம் இது. காலை முதல் மாலை வரை வெறும் வீட்டில் அடைபட்டுக் கிடந்தால் மனம் நோகும். செருப்பைக் கடிக்கும், நிலத்தைத் தோண்டும், ஊளையிடும். மூன்றாவது, அதன் குரல். உருவத்துக்குப் பொருந்தாத உரத்த குரல் அதற்குண்டு. பற்றைக்குள் மறைந்து சென்ற நாய் எங்கே இருக்கின்றது என்பதை வேட்டைக்காரன் குரலாலேயே அறிந்தான். குரலற்ற நாய் அவனுக்குப் பயனற்றது. ஆகவே குரைத்தல் அதற்கு விளையாட்டன்று, செய்தி அனுப்புதல்.

நான்காவது, ஓயாமை. முயலின் தடம் முன்னும் பின்னுமாக வளைந்து செல்லும். தடம் தவறிய இடத்தில் சோர்ந்து படுக்கும் நாய் முயலைக் காணாது. சுற்றிச் சுற்றித் தேடி, விட்ட நூலை மீண்டும் பிடிக்கும் நாயே வேண்டும். அத்தகைய நாயை ஒரு முற்றத்தில் அடைத்தால், வேலியின் அடியிலே துளை தேடுவதில் அதே விடாமுயற்சியைக் காட்டும். ஐந்தாவது குணமே மனிதரோடு மிகவும் முரண்படுவது. அதனை நல்லவர் சுதந்திரம் என்பர். பொறுமையற்றவர் பிடிவாதம் என்பர். வேட்டைக்காரன் நூறு முழம் பின்னே நிற்கின்றான். முயல் எங்கே என்பது அவனுக்குத் தெரியாது. முடிவெடுக்க வேண்டியது நாய். ஒவ்வோர் அடிக்கும் எசமானின் முகம் பார்த்து நிற்கும் நாய் அத்தொழிலுக்கு ஒவ்வாது. எனவே, தானே எண்ணித் தானே செல்லும் நாயையே மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தான். அவன் தேடிப் பெற்ற குணத்தையே பின்னர் அவன் குற்றம் என்று கூறுகின்றான்.

பிரான்சிலே இவ்வினத்தைப் பேணுவதற்கென ஒரு சங்கம் 1907ஆம் ஆண்டில் அமைந்தது. போல் டெசாமி என்பார் அதன் முதல் தலைவர். நெடுங்காலம் சிறியதும் பெரியதும் ஓரினமாகவே கருதப்பட்டன. ஒரே ஈற்றில் இருவகைக் குட்டிகளும் பிறந்தன. 1950களிலே சிறியதற்குத் தனி இலக்கணம் வகுத்தனர். 1970களிலே இரண்டையும் கலப்பதை நிறுத்தினர். உருவத்தைச் செப்பமாக்கிய அவ்வளவு காலத்திலும், நல்ல மூக்கும் நல்ல குரலும் அஞ்சா நெஞ்சும் கெடாமற் பார்த்துக்கொண்டனர். கண்காட்சி மேடையில் நிற்கும் நாயின் உள்ளேயும் வேட்டைநாயே குடியிருக்கின்றது.

இப்பொழுது திருகோணமலைக்குத் திரும்பலாம். உப்புவெளியிலோ பாலையூற்றிலோ ஒரு வீட்டை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். தந்தை துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், தாய் ஆசிரியை, பிள்ளைகள் இருவர். பிள்ளைகளின் விருப்பத்துக்கு இணங்கிக் கொழும்பிலிருந்து ஒரு குட்டியை விலை கொடுத்து வாங்கி வருகின்றனர். அது பிரெஞ்சு இனமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அதன் உறவாகிய டாக்ஸ்ஹண்ட் இலங்கை வீடுகளுக்குப் பழக்கமானது. பீகிள் என்னும் ஆங்கில மோப்பநாயும் உண்டு. குட்டைக்கால் மோப்பநாய் எதுவாயினும் கதை ஒன்றே.

முதல் மாதம் வீடே திருவிழாவாகின்றது. இரண்டாம் மாதத்தில் ஒருநாள் படலை திறந்து கிடக்கின்றது. குட்டி மூக்கைத் தரையில் வைத்துப் புறப்படுகின்றது. முற்றத்து அணில், வடிகானில் ஒதுங்கிய உடும்பு, இரவிலே தெருவைக் கடந்து போன மான் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடங்கள் அதனை இழுக்கின்றன. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அதன் அயலிலும் புள்ளிமான்கள் தாமாகவே உலவுவதை இந்நகரத்தார் அறிவர். நகர நடுவிலே மான் மேயும் ஊர் மோப்பநாய்க்கு ஒரு திறந்த புத்தகம். பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூவுகின்றனர்; குட்டி திரும்பவில்லை. வாகனம் ஓடும் வீதியும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாலையில் எவரோ பிடித்துவந்து கொடுக்கின்றனர். சொற்கேளாத நாய் என்று தந்தை தீர்ப்பளிக்கின்றார். மறுநாள் முதல் சங்கிலி. சங்கிலியில் நின்ற நாய் இரவெல்லாம் குரைக்கின்றது. அடுத்த வளவினர் முறையிடுகின்றனர். ஆண்டு முடியுமுன் ஒரு விடியற்காலையில் அது வாகனத்தில் ஏற்றப்பட்டு, தொலைவிலுள்ள ஒரு சந்தையருகே இறக்கிவிடப்படுகின்றது. அங்கே அது கட்டாக்காலி நாய்.

இக்கதையிலே தீயவர் எவருமில்லை. தந்தையும் நல்லவர், தாயும் நல்லவர், பிள்ளைகள் நாயின்பால் உயிரையே வைத்திருந்தனர். அறியாமை ஒன்றே இங்கே செய்யத்தகாததைச் செய்தது. அக்குட்டி குற்றம் எதுவும் செய்யவில்லை. முந்நூறு ஆண்டுகளாக மனிதன் அதன் முன்னோருக்குக் கற்பித்த பாடத்தையே பிழையின்றி ஒப்புவித்தது.

குணத்தோடு உடலையும் எண்ணவேண்டும். வான்டே நாட்டு முள்ளுக்கும் மழைக்கும் குளிருக்கும் அமைந்த இரட்டை உரோமம், கச்சான் வீசும் காலத்தில் திருகோணமலையில் சுமையாகும். மே முதல் ஆகஸ்டு வரை இங்கே நண்பகல் வெப்பம் 33, 34 பாகையை எட்டும். மனிதனைப் போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே வெப்பத்தைத் தணிக்கவேண்டும். அத்தகைய நாயை நடத்திச் செல்ல விரும்புவோர் பொழுது புலருமுன் செல்லவேண்டும். வெயிலிற் காய்ந்த தாரும் மணலும் பாதத்தைச் சுடும். வாடைக்காற்றோடு மழை பொழியும் காலத்திலோ, தொங்கும் காதுகளுக்குள் ஈரந்தங்கிப் புண் உண்டாகும். பற்றைக்குட் போய் வந்தால் உரோமத்தினூடே உண்ணி ஒட்டிக்கொள்ளும். உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு நில்லாமல், குருதியைக் கெடுக்கும் நோய்க்கிருமிகளையும் உட்செலுத்தும். நாள்தோறும் விரல்விட்டுத் தடவிப் பார்ப்பதைத் தவிர எளிய வழி வேறில்லை.

குட்டைக் காலுக்கும் விலை உண்டு. மேற்கூறிய மரபணுவின் இன்னொரு பிரதி டாக்ஸ்ஹண்ட் முதலிய இனங்களில் முதுகெலும்பின் வட்டுகளை விரைவில் கெடச் செய்கின்றது என்பது 2017இல் வெளியான ஆய்வால் அறியப்பட்டது. ஆகவே அவற்றை உயரத்திலிருந்து குதிக்க விடலாகாது. உடல் பருக்க விடலாகாது. வான்டே நாய்க்குக் கண்ணின் உள்ளழுத்தம் கூடிப் பார்வை குன்றும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2015இல் கண்டறியப்பட்டது. சோதித்துப் பார்த்தே இனஞ்சேர்க்கும் வழக்கம் அதன்பின் இயலுவதாயிற்று. இவற்றைக் கேளாமலே விலை பேசுபவர் பாதி விலையைத்தான் அன்று கொடுக்கின்றார். மீதியை நாய் கொடுக்கின்றது.

அயல்நாட்டு வேட்டைநாயை இலங்கைக் காட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தவர் உண்டு. 1840களின் இறுதியிலே நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், தம் நாட்டிலிருந்து வேட்டைநாய்களை வரவழைத்து மரைகளை வேட்டையாடினார். துப்பாக்கியும் வேட்டைநாயும் பற்றி அவர் எழுதிய நூல் 1850களில் வெளிவந்தது. வீரக் கதைகள் நிறைந்த அந்நூலில், காட்டுப்பன்றியின் கொம்புக்கும் மரையின் காலுக்கும் இரையான நாய்களின் கணக்கும் நிறைய உண்டு. தடத்தை விட்டுக்கொடாத நாய், தன் உயிரையும் பொருட்படுத்தாது என்பதற்கு அது சான்று. இன்று இலங்கையில் காட்டு விலங்குகளைக் காக்க 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உள்ளது. உடும்பும் அதன் பாதுகாப்பைப் பெற்றுள்ளது. ஆகவே மோப்பநாயின் பழைய தொழிலுக்கு இங்கே இடமில்லை. தொழில் போயிற்று, அத்தொழிலுக்கென அமைந்த மனம் போகவில்லை. அம்மனத்துக்கு வேறு வேலை கொடுப்பது வளர்ப்பவன் கடன்.

அவ்வேலையைக் கொடுப்பது அரிதன்று. ஒரு துண்டு கருவாட்டைத் துணியில் முடிந்து, தென்னையடியிலோ கிடுகுக் கட்டின் பின்னோ ஒளித்துவைத்துத் தேடச் சொல்லலாம். நாள்தோறும் கால்மணி நேரம் இவ்வாறு மூக்குக்கு வேலை கொடுத்தால், நல்ல களைப்பும் நிறைவும் அதற்கு உண்டாகும். படலைக்கு வெளியே செல்லும்போது நீண்ட கயிற்றிலே பிடித்துச் செல்லலாம். அழைத்தவுடன் வந்தால் அடிக்காமல் ஊட்டலாம். பிந்தி வந்தாலும் அடித்தலாகாது. வந்தவுடன் அடிபட்ட நாய், வருவதே குற்றம் என்று கற்றுக்கொள்ளும். ஓராண்டுப் பொறுமை, பன்னிரண்டு பதினான்கு ஆண்டு நட்பைத் தரும்.

இத்தனையும் செய்ய இயலாதவர் நாயே வளர்க்கலாகாது என்பதில்லை. தம்பலகாமத்து வயல்வரப்பிலும், மூதூர்த் துறையிலும், நிலாவெளிக் கரையில் வலை உலர்த்தும் இடத்திலும் காணும் ஊர்நாயை எவரும் ஓர் இனம் என்று எண்ணுவதில்லை. ஆயினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு தொழில் உண்டு. எவரும் தேர்ந்தெடுத்து வளர்க்காததால், இந்நாட்டின் வெயிலும் மழையும் உண்ணியும் பட்டினியுமே அதனைத் தேர்ந்தெடுத்தன. குட்டை உரோமம், நிமிர்ந்த காது, சுருங்கிய உடல், எதையும் செரிக்கும் வயிறு. அயலானை ஐயத்தோடு நோக்கும். சோறிட்ட வீட்டை மறவாது. இரவிலே சிற்றோசைக்கும் எழும். கிழக்குக் கரையோர வேடர் காட்டுக்குச் சென்றபோது உடன் சென்றதும் ஊர்நாய்தான். காவலுக்கு நாய் வேண்டுபவர் தம் வீட்டு வாயிலிலேயே அதனைக் காணலாம், விலை ஒன்றுமில்லை.

விலையில்லாததாலேயே அதற்கு மதிப்புமில்லாமற் போயிற்று. பெண் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையோரத்தில் விடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விடப்பட்ட குட்டி வளர்ந்து ஈனும். தடுப்பூசி பெறாத நாய்கள் பெருகும். விசர்நாய் நோய் அவற்றிடையே பரவும். 1973ஆம் ஆண்டிலே இலங்கையில் அந்நோயால் இறந்தோர் 377 பேர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. இலவசத் தடுப்பூசியும், கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் அளிக்கப்படும் சிகிச்சையும் இதற்குக் காரணம். எஞ்சிய சிலரின் சாவும் தடுக்கத்தக்கதே. நாய் கடித்தவுடன் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கண்காட்சியில் பரிசு பெற்ற நாயாயினும் கடற்கரையில் அலையும் நாயாயினும் ஆண்டுக்கொரு தடுப்பூசி வேண்டும் என்பதில் வேறுபாடில்லை.

நேயர்களே, படத்திலே கண்ட நாயை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இனி என்ன விடை கூறலாம்? வேண்டாம் என்று வாய் அடைப்பதும் எளிது. வாங்கிக் கொடுத்து வாயை மூடுவதும் எளிது. இந்த நாய் எந்த நிலத்தில் பிறந்தது, எந்த வேலைக்கு உருவாக்கப்பட்டது, அந்த வேலையை இங்கே அதற்கு யார் கொடுப்பார் என்ற மூன்று கேள்விகளைப் பிள்ளையிடமே கேட்கலாம். மூன்றுக்கும் விடை தேடிய பிள்ளை, குட்டி வந்தாலும் வராவிட்டாலும், ஓருயிரை அறியக் கற்றுக்கொண்டிருக்கும்.

அக்கேள்விகள் நாயோடு நின்றுவிடுவனவும் அல்ல. ஒரு வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருந்தால், கண்டவுடன் பாய்பவரும் இருப்பர். மோந்து மோந்து தம் வழியே செல்பவரும் இருப்பர். அழைத்தவுடன் திரும்பாத பிள்ளையைச் சொற்கேளாதது என்று ஒதுக்கும் முன், அது எந்தத் தடத்தைப் பற்றிச் செல்கின்றது என்று குனிந்து பார்ப்பவரே நல்லாசிரியர். நல்ல தந்தையும் தாயும் அவரே. குட்டைக்கால் நாயொன்று முட்பற்றைக்குள் மறைந்து போகின்றது. சற்று நேரம் ஒன்றும் தெரிவதில்லை. பின்பு உள்ளிருந்து ஒரு குரல் எழுகின்றது. அக்குரல் என்ன சொல்கின்றது என்பதை அறிந்தவன் வெளியே காத்து நிற்கின்றான்.